கோணேசர் ஊரில் எங்கே தங்குவது?

கோணேசரைப் பாடிய திருஞானசம்பந்தர் திருகோணமலையில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை. இராமேச்சுரத்தில் நின்று, கடலுக்கு இக்கரையிலுள்ள கோணமலையை நினைந்து பாடினார் என்பதே பெரியபுராணம் தரும் செய்தி. அருணகிரிநாதர் நேரே வந்து பாடினார் என்பது மரபு. சம்பந்தரைப் போல எட்ட நின்று தொழுவோர் இன்றும் உண்டு. புறப்பட்டு வருகிறவர்களுக்கோ, நாள் குறித்த கையோடு ஒரு கேள்வி எழுகிறது: எங்கே நிற்பது?

கேட்பவர்கள் பலதரப்பட்டவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக வருபவர், மட்டக்களப்பிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புபவர், மலையகத்திலிருந்து வாடகை பஸ்ஸில் வருபவர், தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா முகவர் வழியாக வருபவர், லண்டனிலோ ரொறன்ரோவிலோ பிறந்த பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட வருபவர் எல்லோரும் இதில் அடக்கம். இவர்களுக்குக் கிடைக்கும் பதிலோ பெரும்பாலும் ஒன்றுதான்: உப்புவெளியில் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன, நிலாவெளியில் இன்னும் நல்லவை இருக்கின்றன. கடலுக்கு வந்தவருக்கு அது சரியான பதில். கோணேசருக்கு வந்தவருக்கு அது போதாது என்பதே என் கருத்து.

சிதம்பரத்திலோ மதுரையிலோ இந்தக் கேள்வி இவ்வளவு சிக்கலாக எழுவதில்லை. அங்கே கோவிலைச் சுற்றி வீதிகள் உண்டு. அந்த வீதிகளில் மடங்களும் சத்திரங்களும் உணவகங்களும் பூக்கடைகளும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன. நல்லூரிலும் அப்படித்தான். அடியவர் கோவில் வாசலுக்கு வந்து சேர்ந்தால் தங்குமிடம் தானாகவே கண்ணில் படும். திருக்கோணேசுவரத்துக்கு அப்படியொரு சுற்றுவீதி இல்லை. கடலுக்குள் நீண்டு, நெட்டுக்குத்தாக எழும் சுவாமிமலையின் உச்சியில் கோவில் நிற்கிறது. அதற்கும் ஊருக்கும் நடுவே பிரட்ரிக் கோட்டை கிடக்கிறது. கோட்டை வாசலைக் கடந்து, இராணுவக் கட்டடங்களுக்கு நடுவே, ஆலமர நிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்களைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். கோட்டைக்குள் யாத்திரிகர் தங்க வழியில்லை. கோவில் ஓரிடம், கோவிலின் ஊர் இன்னோரிடம் என்று பிரிந்து கிடக்கும் தலம் இது. இந்தப் பிரிவு எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே தங்குவது என்பதற்கும் விடை கிடைக்கும்.

கோட்டை நிற்கும் இடமே முன்பு கோவில் நிலம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைபற்றிப் பெரிய வரலாறு எழுதிய போர்த்துக்கேயப் பாதிரியார் பெர்னாவோ தெ குவேறோஸ், இத்தலத்தைக் கீழைத்தேசத்துப் புறச்சமயத்தாரின் உரோமாபுரி என்ற பொருள்படக் குறிப்பிட்டார். இராமேச்சுரம், திருப்பதி, காஞ்சிபுரம் முதலிய தலங்களைவிட இங்கே கூட்டம் மிகுதி என்றும் எழுதினார். பகைவர் தரப்பிலிருந்து வந்த சாட்சி என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அத்தனை பேர் வந்தார்களென்றால், அத்தனை பேருக்கும் படுக்கத் திண்ணையும் ஆக்கியுண்ண அடுப்பும் குளிக்க நன்னீரும் அந்த மலையைச் சுற்றி இருந்திருக்க வேண்டும். 1622 – 24 காலத்தில் கொன்ஸ்தாந்தீனோ தெ சா என்ற போர்த்துக்கேயத் தளபதியின் ஆணையால் கோவில் இடிக்கப்பட்டது. சித்திரைப் புத்தாண்டன்று அது நடந்தது என்பது ஊர் வழக்கு. இடித்த கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். மறைத்து வைத்த மூர்த்தங்களில் சில பிற்பாடு தம்பலகாமத்துக்குப் போய், அங்கே ஆதி கோணநாயகர் கோவில் எழுந்தது. 1639இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1803இல் கோட்டைக்கு இளவரசர் பிரட்ரிக்கின் பெயரை வைத்தார்கள்.

இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளில் வழிபாடு முற்றாக நின்றுவிடவில்லை. பாறையின் விளிம்பில் பூசகர் நின்று பூவும் பழமும் கடலில் இட்டுக் கற்பூரம் காட்டிய காட்சியை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார்கள். தங்குவதற்கு மலையில் இடமில்லை, தொழுவதற்கு மட்டும் சற்றுநேரம் உண்டு. தொழுதுவிட்டு இறங்கிவிட வேண்டும். இன்றைய யாத்திரையின் அவசரத்துக்கும் அந்தக் காலத்துக்கும் தொடர்பு இருக்கிறதென்றே நினைக்கிறேன்.

1950இல் கோட்டைப் பகுதியில் நிலத்தைத் தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோவிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். 1963இல் புதிய கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கோவில் திரும்பி வந்தது. அதைச் சுற்றி இருந்திருக்க வேண்டிய மடங்களும் சத்திரங்களும் அதே அளவில் திரும்பி வரவில்லை. மீண்டும் கட்டத் தொடங்குவதற்குள் 1983இல் போர் வந்துவிட்டது. போர்க்காலத்தில் திருகோணமலைக்கு வந்தவர்கள் சொந்தக்காரர் வீட்டில் நின்றார்கள். சொந்தக்காரர் இல்லாதவர்கள் வரவில்லை.

ஆக, சுற்றுவீதி இல்லாத கோவிலுக்கு எது வீதி? சிவராத்திரியை அடுத்து வரும் நாட்களில் விடை தெரியும். கோணேசப் பெருமான் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருகிறார். வீட்டு வாசல்களில் கோலமும் நிறைகுடமும் வைத்துச் சனங்கள் காத்திருக்கிறார்கள். மதுரையில் மாசி வீதியும் சித்திரை வீதியும் எவையோ, இங்கே நகரத்தின் பழைய தெருக்கள் அவை. கோணேசர் உலா வரும் தெருக்களே அவருடைய ஊர். அடியவர் தங்க வேண்டியதும் அங்கேதான். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த அளவுகோலை வைத்தே எடை போடுகிறேன்.

கோட்டை வாசலுக்கும் உட்துறைமுகத்துக்கும் இடையே கிடக்கும் நகரம் சின்னது. பிரதான வீதி, மத்திய வீதி, திருஞானசம்பந்தர் வீதி, ஏகாம்பரம் வீதி எல்லாம் நடந்து முடிக்கக்கூடிய தூரங்கள். பத்திரகாளி அம்மன் கோவில் இங்கே. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருப்பதால் அது வெறும் நகரக் கோவில் அன்று. விசுவநாதசுவாமி கோவில், வில்லூன்றி கந்தசுவாமி கோவில், ஆலடிப் பிள்ளையார் என்று அடுத்தடுத்து மணியோசை கேட்கும். பஸ் நிலையம் பக்கத்தில். கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வருபவர் விடியற்காலையில் இறங்கி, ஓட்டோவில் சில நிமிடங்களில் இந்தத் தெருக்களுக்கு வந்துவிடலாம். இங்குள்ள விடுதிகள் பெரும்பாலும் சிறியவை. மாடிக்கட்டட லொட்ஜுகளும், வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் குடும்பங்களும் கலந்திருக்கும். நீச்சல் தடாகம் கிடையாது, கடற்காட்சி அரிது, சில இடங்களில் தெரு இரைச்சல் அதிகம். குளியலறையைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான அறிவுரை. கீழ்த்தளத்தில் மதுச்சாலை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். விரதத்தோடு வரும் குடும்பத்துக்கு அது பெரிய உபத்திரவம்.

ஆனால் நகரத்தில் கிடைக்கும் ஒன்று வேறெங்கும் கிடைக்காது. விடியுமுன் எழுந்து குளித்து, நனைந்த தலையோடு கோட்டை வாசலுக்கு நடந்தே போகலாம். வங்கக் கடலில் சூரியன் எழும்போது சுவாமிமலையில் நிற்கலாம். இராவணன் வெட்டு என்று சொல்லப்படும் பிளவின் ஓரத்தில் அந்நேரம் காற்றும் அலையும்தான் இருக்கும், பஸ் கூட்டங்கள் வந்திருக்காது. காலைப் பூசை பார்த்து, அம்மை மாதுமையாளை வணங்கி, பாவநாசத் தீர்த்தத்தை நினைந்து இறங்கினால், நகரத்துச் சைவக் கடையில் இட்டலியோ இடியப்பமோ சூடாக இருக்கும். மதியம் நடை சாத்தியிருக்கும்போது அறையில் இளைப்பாறி, மாலையில் மறுபடி ஏறலாம். பூசை நேரங்கள் விழாக்காலத்தில் மாறும், முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் இருமுறை தரிசனம் என்பது நகரத்தில் தங்குபவருக்கு மட்டும் எளிதாகக் கிடைக்கும் பேறு.

கோட்டைக்கு வடக்கே டைக் வீதிப் பக்கம் கடலைப் பார்த்த சில சிறு விடுதிகள் இருக்கின்றன. கடலும் வேண்டும், கோவிலும் நடைத்தூரத்தில் வேண்டும் என்பவருக்கு இது நல்ல சமரசம். உவர்மலை சற்று உயரத்தில், அரச அலுவலகங்களும் உத்தியோகத்தர் குடியிருப்புகளும் உள்ள அமைதியான பகுதி. உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு அங்கிருந்து அழகாகத் தெரியும். வயதான பெற்றோரோடு வருபவருக்கு, இரைச்சல் இல்லாத தூக்கம் முக்கியம் என்றால், உவர்மலையைத் தயங்காமல் சொல்வேன். கோவிலுக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வடக்கே நான்கைந்து கிலோமீற்றர் போனால் அலஸ்தோட்டமும் உப்புவெளியும். மணல் நீண்டு கிடக்கும் கரை, வரிசையாக விருந்தினர் விடுதிகள். சினமன் குழுமத்தின் டிரிங்கோ புளூ போன்ற பெரிய ஹோட்டல் முதல் நான்கு அறை மட்டுமுள்ள வீடு வரை எல்லாத் தரத்திலும் கிடைக்கும். சிறு பிள்ளைகளோடு வருபவருக்கு இது வசதி, ஆழம் குறைந்த கடலில் அவர்கள் விளையாடலாம். இங்குள்ள சமையலறைகள் ஐரோப்பியப் பயணிகளை மனதில் வைத்து ஏற்பட்டவை என்பதால் மச்சம் புழங்காத சாப்பாட்டுக்கு நகரத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும். நிலாவெளி இன்னும் தள்ளி, நகரிலிருந்து சுமார் 15 கிலோமீற்றர். புறாத்தீவுக்குப் படகேறவும் பவளப்பாறை பார்க்கவும் வந்தவருக்கு அதைவிட ஏற்ற இடமில்லை. கோணேசரை நாடி வந்தவர் அங்கே அறை எடுத்தால், யாத்திரையின் பெரும்பங்கு வண்டியிலேயே கழியும்.

கடைசியாக, திருகோணமலையில் தங்காமலே போகிறவர்கள். இவர்கள் தொகை கூடிக்கொண்டே வருவது எனக்குக் கவலை தருகிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து கரையோர வழியாக வருபவர் தோணிப்பாதைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, இருட்டினால் எங்காவது தங்கத்தான் வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளப் பாலமும் செப்பனிட்ட வீதிகளும் வந்தபின் காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். இந்தியாவிலிருந்து இராமாயணத் தலங்கள் என்ற பெயரில் அழைத்துவரப்படும் குழுக்களும் தம்புள்ளையிலோ கண்டியிலோ படுத்து, 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்து, வெயில் ஏறும் நேரத்தில் மலையேறி, படமெடுத்து, நடை சாத்துமுன் ஒரு தீபாராதனை பார்த்துப் போகிறார்கள். வீதி நன்றாக வந்ததில் குறையில்லை. நோயாளிக்கும் வியாபாரிக்கும் மாணவருக்கும் அது பெரும் உதவி. யாத்திரிகருக்கு மட்டும் அது ஓர் இரவைப் பறித்துவிட்டது. பாடல் பெற்ற தலங்களில் இலங்கையில் உள்ளவை இரண்டே, திருக்கேதீச்சரமும் திருக்கோணேசுவரமும். இத்தனை தூரம் வந்து அதில் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

எத்தனை நாள் வேண்டும்? குறைந்தது இரண்டு இரவு என்பேன். கோணேசர் தலம் மலையோடு முடிவதில்லை. சுமார் எட்டுக் கிலோமீற்றர் தொலைவில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு இருக்கின்றன. இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதீகம். இன்றும் அந்தியேட்டிக்குக் கன்னியா வரும் குடும்பங்கள் உண்டு. அங்குள்ள பிள்ளையார் கோவில் நிலம் பற்றிய தகராறு 2019இல் நீதிமன்றம் வரை போனதை அறிந்துகொண்டு போவது நல்லது. அந்த இடத்தில் நம்மவர் தொடர்ந்து காலடி வைப்பதற்கு அதனாலேயே ஒரு பொருள் உண்டு. அதே திசையில் வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழ்க் கல்வெட்டுகளோடு நிற்கும் பௌத்தப் பள்ளி அது. தமிழரும் பௌத்தராக இருந்த காலத்தை நேரில் காண இலங்கையில் அதைவிடச் சிறந்த சான்றில்லை. தம்பலகாமம் சுமார் 24 கிலோமீற்றர். வயல் நடுவே ஆதி கோணநாயகரைப் பார்த்தபின்தான் மலைக்கோவில் இடிந்த கதை முழுமையாகப் புரியும். குளக்கோட்டன் கட்டியதாக மரபு சொல்லும் கந்தளாய்க் குளம் அதற்கும் அப்பால். நகரத்தை நடுவாக வைத்தால் இவை அனைத்தும் அரைநாள் பயணங்கள். நிலாவெளியை நடுவாக வைத்தால் பெரும்பாலானவற்றுக்குத் தூரம் கூடும்.

காலமும் பார்க்க வேண்டும். வாடைக்காற்றோடு மழை வரும் ஐப்பசி முதல் தை வரை கடல் கொந்தளிக்கும், கடற்கரை விடுதிகளில் ஆள் குறைவு, வாடகையும் இறங்கும். திருவெம்பாவைக் காலத்துக் கோவில்களைப் பார்க்க விரும்புபவருக்கு மழை ஒரு தடையல்ல. சித்திரைக்குப் பின் கச்சான் வீசத் தொடங்கினால் கடல் அடங்கும், வெயில் வறுக்கும், வெளிநாட்டார் வந்து நிறைவார்கள். ஏப்ரல், ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையிலும் நீண்ட போயா விடுமுறையிலும் தென்னிலங்கைக் குடும்பங்கள் திரண்டு வரும். அந்நாட்களில் முன்பதிவில்லாமல் வருவது ஆபத்து. சிவராத்திரிக்கு வருபவர் இரவெல்லாம் விழித்திருப்பார், ஆகவே அவருக்கு அறை வேண்டியது அடுத்த நாள் பகலுக்கு. வழக்கமான நேரத்தில் அறையைக் காலி செய்யச் சொன்னால் திண்டாட்டம். முதலிலேயே பேசி, அடுத்த நாள் மாலை வரை கேட்டு வாங்கிவிடுங்கள்.

இதுவரை சொன்னது காசு கொடுத்து அறை எடுக்கக் கூடியவருக்கு. எல்லோருக்கும் அது இயலாது. நம் சமயத்தின் பழைய விடை வேறு. வைகாசி மாதத்தில் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார் கூட்டம் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாக நடக்கிறது. கோவில் மண்டபம்தான் அவர்களுக்கு வீடு. ஊரார் சமைத்துக் கொடுப்பதே சாப்பாடு. அறை பற்றிய கேள்வியே அவர்களுக்கு எழுவதில்லை. ஏனெனில் வழிநெடுக ஊர்கள் அந்தப் பொறுப்பைத் தம் தலையில் ஏற்றிருக்கின்றன.

நம்மவர் இந்தப் பொறுப்பைத் தூர ஊர்களிலும் ஏற்றவர்கள். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863இல் தொடங்கிய சத்திரம் இன்றும் தமிழ்நாட்டு யாத்திரிகருக்குச் சோறும் இடமும் கொடுக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்த ஞானப்பிரகாசர் பெயரால் சிதம்பரத்தில் மடமும் குளமும் ஏற்பட்டன. கதிர்காமத்தில் இராமகிருஷ்ண மிஷன் பெரிய மடம் கட்டியது, பின்னர் அரசு அதைத் தன் கைக்குள் கொண்டுபோனது. சிதம்பரத்தில் மடம் வைத்த சமூகத்துக்குத் தன் மண்ணில் தட்சிண கைலாசம் எனப்படும் கோணமலையில் போதுமான மடங்கள் வைக்க முடியாதா? நகரத்தில் யாத்திரிகருக்கு இடங்கொடுக்கும் அமைப்புகளும் மண்டபங்களும் இருக்கவே செய்கின்றன. சிவராத்திரியிலும் பங்குனி உத்தரத்திலும் வரும் கூட்டத்துக்கு முன் அவை எம்மாத்திரம்? அரசின் சுற்றுலாத் துறை கடற்கரைக்குப் பணம் வரும் வழியைப் பார்த்துக்கொள்ளும். அடியவர் தூக்கத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று நாம் எதிர்பார்ப்பது வீண்.

சிலர் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். மடம் கட்டினால் பராமரிக்க ஆளில்லை, சில ஆண்டுகளில் பாழாகும் என்பார்கள். நியாயமான அச்சம். அதனாலேயே புதுக் கட்டடத்தைவிட வேறொரு வழியை முதலில் சொல்கிறேன். நகரத்தின் பழைய தெருக்களில் உரிமையாளர் கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகள் உண்டு. ஓடு சரிந்து, கிணறு மூடி, ஆண்டுக்கொருமுறை யாரோ வந்து புல் வெட்டிப் போகும் வீடுகள் அவை. கோவில் அறங்காவலரும் நகரத்துச் சைவ மன்றங்களும் ஓர் ஏற்பாடு செய்து, அவற்றில் சிலவற்றையாவது விழாக்காலத்தில் யாத்திரிகருக்குத் திறந்துவிடலாம். சுத்தமான பாய், குடிக்க நல்ல தண்ணீர், பெண்களுக்குத் தனிக் குளியலறை, காலையில் ஒரு கஞ்சி போதும். வீடும் காக்கப்படும், பக்கத்து வீட்டுப் பெண்களுக்குச் சமையல் வருமானமும் கிடைக்கும்.

கோணேசரைத் தரிசிக்க வருவோருக்கு என் வேண்டுகோள் இது: இரண்டு இரவு ஒதுக்கி, கோட்டை வாசலுக்கு நடந்து போகக்கூடிய தெருவில் அறை எடுங்கள். கடலில் குளிக்க ஆசை இருந்தால் மூன்றாம் நாள் உப்புவெளிக்குப் போங்கள். திருகோணமலை நகரத்தில் வீடு வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: அடுத்த சிவராத்திரிக்கு முன் உங்கள் வீட்டுத் திறப்பை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்து, அடியார்களுக்கு ஓர் அறையையாவது திறந்துவிடச் சொல்லுங்கள்.